தொங்கவிட்டு முறுக்கிய 18 புஷ்கள்

வளைவில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் என் காரின் பின்பக்கம் தானாக ஒரு முடிவு எடுக்கும். ஸ்டியரிங்கை நான் அசைத்திருக்கவே மாட்டேன். ஆனாலும் வண்டி லேசாக உள்பக்கம் திரும்பும். மறுபடி மிதித்தால் பழைய கோட்டுக்கு வந்துவிடும். இரண்டு வருடமாக "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்று எனக்கு நானே சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். இது போதாதென்று பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் 'டொக்' என்று ஒரு சத்தம். ஒரே ஒரு டொக். அடுத்த பிரேக்குக்கு வராது. ரிவர்ஸில் கொஞ்சம் போய்விட்டு வந்து பிரேக் பிடித்தால் மறுபடி டொக்.

புஷ், அதாவது சக்கரங்களைப் பிடிக்கும் கம்பிகளின் மூட்டில் இருக்கும் ரப்பர் உருளை, போய்விட்டது என்று யாராக இருந்தாலும் சொல்லிவிடுவார்கள். நானும் சந்தேகப்பட்டேன். ஆனால் நாலு வருடத்துக்கு முன்னால் 18 புஷ்களையும் நானே மாற்றியிருந்தேன். ஒவ்வொரு வருடமும் ஜாக்கி போட்டுத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்ப்பேன். ரப்பர் புதுசு போலவே இருக்கும். அதனால் சந்தேகம் ஷாக் அப்சார்பர் மேல் போயிற்று, அப்புறம் டயர் மேல், அப்புறம் ஸ்டியரிங் ரேக் மேல். மூன்றிலும் காசு செலவழித்தேன். டொக் அப்படியே இருந்தது.

வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இது ஒரு கிட் கார். சேஸிஸ், ஃபைபர் பாடி, முன் சக்கரங்களைச் சேஸிஸோடு இணைக்கும் கவை வடிவ விஷ்போன் எல்லாம் ஒரு சின்ன நிறுவனம் செய்து பெட்டியில் கொடுத்தது. மீதியை வாங்குகிறவர் பழைய கார் ஒன்றைக் கழற்றி எடுத்துக்கொள்ள வேண்டும். என்னுடையதில் பின் ஆக்சில் ஃபோர்டு எஸ்கார்ட் மார்க் 2-இலிருந்து வந்தது, முன் சக்கரங்களைத் தாங்கும் அப்ரைட்டுகள் ஃபோர்டு கார்ட்டினாவிலிருந்து. மொத்த எடை 600 கிலோவைத் தாண்டாது. லோட்டஸ் செவன் என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் வழியில் வந்த உருவம்: திறந்த மேல்புறம், நீளமான மூக்கு, வெளியே துருத்திக்கொண்டிருக்கும் சக்கரங்கள்.

அந்த லோட்டஸ் செவன் 1957-இல் வந்தது. முழுக் காராக விற்றால் பிரிட்டனில் கொள்முதல் வரி கட்ட வேண்டும், கழற்றிய பாகங்களாக விற்றால் வேண்டாம். ஆனால் பாகங்களோடு 'எப்படிப் பூட்டுவது' என்ற குறிப்பு கொடுக்கக் கூடாது என்று விதி. எப்படிக் கழற்றுவது என்று கொடுக்கக் கூடாது என விதியில் இல்லையாம். அதனால் கழற்றும் குறிப்பைக் கொடுத்து, கடைசிப் பக்கத்திலிருந்து படித்துக்கொள்ளச் சொன்னார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். 1973-இல் அந்த வரி போய் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் அந்தச் சலுகையும் போயிற்று. என் வண்டிக்கு இரண்டு குறிப்பும் கிடையாது. செய்த நிறுவனம் எப்போதோ மூடிவிட்டது. முதலில் கட்டியவர் யாரென்றும் தெரியாது. எனக்கு அவரைத் தெரிந்ததெல்லாம் அவர் போல்ட்டு போட்டிருக்கும் விதத்தை வைத்துத்தான்.

சரி, புஷ்ஷுக்கு வருவோம்.

பின் டிஃபரென்ஷியலில், அதாவது பின் ஆக்சிலின் நடுவில் இருக்கும் பல்சக்கரப் பெட்டியில், எண்ணெய் கசிந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்க இந்த முறை ஜாக்கி போடவில்லை. நாலு சக்கரங்களுக்கும் அடியில் மரக்கட்டைகளை அடுக்கி, வண்டியைச் சக்கரங்களிலேயே நிற்க வைத்து அடியில் படுத்தேன். கசிவை மேல்நோக்கித் தேடிப் போனபோது, பின் ஆக்சிலைச் சேஸிஸோடு இணைக்கும் கம்பிகளில் ஒன்றான இடது பக்கக் கீழ் டிரெய்லிங் ஆர்மின் புஷ்ஷில் ஒரு கறுப்பு வாய் திறந்திருந்தது. பிறைநிலா வடிவம். நகத்தை உள்ளே விட்டேன், போயிற்று. வலது பக்கம் பார்த்தேன். அங்கேயும் அதே பிறை.

போன வருடம் இல்லாதது எப்படி வந்தது என்று நன்றாகப் பார்க்க, ஜாக்கி வைத்துத் தூக்கினேன். ஆக்சில் கீழே தொங்கியது. விரிசல் மூடிக்கொண்டது. சுத்தமாக மூடிக்கொண்டது, விரலால் தடவினாலும் தெரியவில்லை. இறக்கினேன், வாய் திறந்தது. மறுபடி தூக்கினேன், மூடியது. அடியில் கிடந்தபடி ஒரு நிமிடம் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். தப்பு ரப்பரில் இல்லை, என்னிடம் என்று அப்போதுதான் உறைத்தது.

ரப்பர் புஷ் என்பது பார்க்கச் சாதாரண சாமான். வெளியே ஒரு இரும்புக் குழாய், உள்ளே ஒரு சின்ன இரும்புக் குழாய், நடுவில் இரண்டையும் ஒட்டிப் பிடித்துக்கொண்டு ரப்பர். வெளிக்குழாய் ஆர்மின் கண்ணில் இறுக்கமாக உட்காரும். உள்குழாயை போல்ட்டு ஊடுருவி, சேஸிஸ் பிராக்கெட்டின் இரண்டு காதுகளுக்கும் நடுவே நசுக்கிப் பிடிக்கும். உள்குழாயின் முனைகளில் பல் பல்லாக வெட்டியிருப்பதே பிராக்கெட்டைக் கடித்துக்கொண்டு சுற்றாமல் இருக்கத்தான். ஆக, சக்கரம் மேலும் கீழும் போகும்போது அங்கே எதுவும் எதன் மேலும் வழுக்குவதில்லை. ரப்பர் முறுக்கிக்கொள்கிறது, பிறகு விடுபடுகிறது. ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி. பார்த்தால் பேரிங் போல இருக்கும், வேலை ஸ்பிரிங்குடையது.

அப்படியானால் போல்ட்டை முறுக்கும் அந்த நொடியில் ஆர்ம் எந்தக் கோணத்தில் இருக்கிறதோ, அதுதான் ரப்பருக்கு 'சும்மா இருக்கும்' நிலை. நாலு வருடத்துக்கு முன்னால் நான் என்ன செய்தேன்? வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரத்தைக் கழற்றி, ஆர்ம்கள் கீழே தொங்க, வசதியாக உட்கார்ந்து எல்லா போல்ட்டையும் முழுசாக முறுக்கினேன். முறுக்கியதற்கு அடையாளமாக நட்டின் மேல் வெள்ளைக் கோடும் போட்டேன்.

என் டிரெய்லிங் ஆர்ம் ஒரு கண்ணிலிருந்து மறு கண்ணுக்கு 350 மி.மீ. தொங்கும் நிலைக்கும் வண்டி தரையில் நிற்கும் நிலைக்கும் ஆக்சில் உயரத்தில் 70 மி.மீ. வித்தியாசம். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 11.5 டிகிரி. அதாவது வண்டி சும்மா நிற்கும்போதே, இரவு முழுக்க, மாதக்கணக்கில், ஒவ்வொரு புஷ்ஷும் 11.5 டிகிரி முறுக்கிய நிலையில் இருந்திருக்கிறது. ஒரு மேட்டில் ஏறி ஆக்சில் இன்னும் 50 மி.மீ. மேலே போனால் 20 டிகிரி. ரப்பர் எத்தனை நாள் தாங்கும்? கிழிந்தது. கிழிந்ததைப் பார்க்க நான் ஒவ்வொரு வருடமும் வண்டியைத் தூக்கினேன். தூக்கியதும் அது தனக்கு வசதியான நிலைக்குப் போய் வாயை மூடிக்கொண்டது.

மறுநாள் கழற்ற ஆரம்பித்தேன். முன்பக்கம் ஒரு சக்கரத்துக்கு மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு விஷ்போன், ஒவ்வொன்றிலும் இரண்டு புஷ். இரண்டு பக்கமும் சேர்த்து 8. பின்பக்கம் நாலு டிரெய்லிங் ஆர்மும், ஆக்சில் இடவலமாக நகராமல் பிடிக்கும் பேன்ஹார்டு ராடு ஒன்றும்; ஐந்துக்கும் இரண்டு முனை என்று 10.

முதல் நாள் முழுக்க ஒரே போல்ட்டோடு போயிற்று. முன் வலது கீழ் விஷ்போனின் முன்பக்க போல்ட்டு. நட்டு சுலபமாகக் கழன்றது. போல்ட்டும் சுற்றியது. பின்னால் இழுத்தால் 60 மி.மீ. வந்து, ஸ்டியரிங் ரேக்கின் கிளாம்பில் முட்டி நின்றது. முதலில் கட்டியவர் ரேக்கை மாட்டுவதற்கு முன்பே விஷ்போனை மாட்டியிருக்கிறார். அவருக்கு அன்றைக்கு அங்கே காலி இடம்தான். போன முறை இதே இடத்தில் நான் போல்ட்டை முழுசாக உருவாமல், விஷ்போனை அந்தக் கொஞ்சம் இடத்திலேயே நெளித்து எடுத்தது நினைவுக்கு வந்தது. இந்த முறை ரேக் கிளாம்பைத் தளர்த்தி, ரேக்கை 15 மி.மீ. நகர்த்தி, உருவினேன்.

உருவிய போல்ட்டைத் துடைத்துக் கையில் வைத்துப் பார்த்தபோது என்னவோ இளைத்த மாதிரி இருந்தது. வெர்னியரை எடுத்து அளந்தேன். 11.1 மி.மீ. புஷ்ஷின் உள்குழாய் 12 மி.மீ. போல்ட்டுக்கானது. இது 7/16 அங்குல போல்ட்டு! பழைய பிரிட்டிஷ் பாகங்கள் அங்குலக் கணக்கு, புதியவை மில்லிமீட்டர் கணக்கு; இரண்டு காலமும் கலந்த வண்டியில் கைக்கு எட்டியதை எடுத்துப் போட்டிருக்கிறார் மனிதர். நானும் போன தடவை அந்தப் போல்ட்டு நன்றாகத்தானே இருக்கிறது என்று திரும்ப மாட்டியிருக்கிறேன். கிட்டத்தட்ட 0.9 மி.மீ. ஆட்டம். பிரேக் பிடித்தால் விஷ்போன் அந்த 0.9 மி.மீ. பின்னால் போய் 'டொக்'. அங்கேயே தங்கிவிடுவதால் அடுத்த பிரேக்குக்குச் சத்தம் இல்லை. ரிவர்ஸில் போனால் முன்னால் வந்துவிடும், மறுபடி டொக். ஷாக் அப்சார்பரையும் டயரையும் மாற்றித் தேடிய சத்தம் இந்தச் சின்ன இடைவெளிதான்.

போல்ட்டைப் பற்றி இன்னொன்று. நீளம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. மரை வெட்டாத வழுவழுப்பான தண்டு எவ்வளவு நீளம் என்று பார்க்க வேண்டும். பிராக்கெட்டின் காது மரையின் மேல் உட்கார்ந்தால், ஒவ்வொரு அதிர்வுக்கும் மரை அரம் மாதிரி ஓட்டையை ராவிப் பெரிதாக்கும். என் பழைய போல்ட்டுகளில் நாலு அப்படித்தான் இருந்தன. எல்லாவற்றையும் எம்12, 8.8 தரம், தண்டு இரண்டு காதுகளையும் தாண்டும் நீளத்தில் புதிதாக வாங்கினேன். உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டுகளும் புதிது. பழைய நைலான் வளையம் ஒருமுறை கழன்றபின் முன்போலப் பிடிக்காது.

பழைய புஷ்ஷை வெளியே எடுப்பதுதான் இந்த வேலையின் அழுக்கான பகுதி. தீ வைத்து ரப்பரை உருக்குகிறவர்கள் உண்டு. நான் ஒருமுறை செய்து பார்த்திருக்கிறேன். கறுப்புப் புகையும், நாள் கணக்கில் போகாத நாற்றமும். ஃபைபர் பாடி பக்கத்தில் இருந்தால் அந்த யோசனையே வேண்டாம். இப்போது செய்வது: ரப்பரைச் சுற்றி டிரில்லில் வரிசையாக ஓட்டை போட்டால் உள்குழாய் தளர்ந்து வந்துவிடும். மிஞ்சுவது வெளிக்குழாய், ஒன்றரை மி.மீ. ஓடு. துருவால் ஆர்மோடு ஒட்டிப் போயிருக்கும். ஆக்ஸா பிளேடை ஃபிரேமிலிருந்து கழற்றி, கண்ணுக்குள் விட்டு, மறுபடி ஃபிரேமில் மாட்டி, உள்ளிருந்து வெளியே அறுக்க வேண்டும். அந்த ஓடு மட்டும் அறுபட வேண்டும், ஆர்ம் அல்ல. இதற்குக் காதுதான் துணை. ஓடு அறுபடும்போது மெல்லிய 'கீச்'. அதைத் தாண்டி ஆர்மின் தடித்த இரும்பைத் தொட்டதும் சத்தம் கனத்துவிடும். கனத்ததும் நிறுத்து. பிறகு சின்ன உளியால் அறுத்த விளிம்பை உள்பக்கம் மடித்தால் ஓடு சுருண்டு விழும். பதினாலாவது புஷ்ஷில் காது அசந்துவிட்டது. ஆர்மில் ஒரு கீறல் விழுந்தது. அரை மி.மீ.கூட இருக்காது. அரத்தால் வழித்து, மழுங்கலாக்கி விட்டேன். இருந்தாலும் அந்த ஆர்மைப் பார்க்கும்போதெல்லாம் கண் அங்கேதான் போகிறது.

கழற்றிய 18-ஐயும், வெளிக்குழாயையும் ரப்பரையும் பொருத்தி, எந்த இடத்திலிருந்து வந்ததோ அந்த வரிசையில் பழைய செய்தித்தாளில் அடுக்கினேன். அநேகமாக எல்லாவற்றிலும் பிறை. இடது பக்கத்துப் பிறைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன, வலது பக்கத்தவை கண்ணாடியில் தெரிவது போல மறுபக்கம். தானாகத் தேய்ந்ததாக இருந்தால் இப்படி அணிவகுத்து நிற்காது. ஒன்று மட்டும் வேறு மாதிரி: டிஃபரென்ஷியலுக்குப் பக்கத்தில் இருந்தது. எண்ணெய் குடித்துக் காளான் போல ஊதி, கிள்ளினால் துண்டு வந்தது. இயற்கை ரப்பருக்கு எண்ணெய் ஆகாது. சாதாரண கிரீஸும் ஆகாது. 'கிறீச்' சத்தத்துக்காக ரப்பர் புஷ்ஷில் எண்ணெய் விடுகிறவர்களை எனக்குத் தெரியும். சத்தம் நிற்கும், சில மாதத்தில் புஷ்ஷும் நிற்கும்.

அடுத்த கேள்வி, எதைப் போடுவது. பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருளில் செய்ததைப் போடு என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கலர் கலராக, கெட்டியாக, ஆயுளும் அதிகம். முன்பக்கத்துக்கு அதையே வாங்கினேன். பின்பக்கத்துக்கு வேண்டாம் என்று முடிவு செய்தேன். காரணம் இருக்கிறது. வளைவில் வண்டி ஒருபக்கம் சாயும்போது பின் ஆக்சில் சேஸிஸைப் பொறுத்துச் சாய்கிறது. நாலு டிரெய்லிங் ஆர்மும் அப்போது மேலும் கீழும் மட்டும் போவதில்லை, தன் நீளவாட்டிலும் முறுகியாக வேண்டும். ரப்பர் அதற்கு இடம் கொடுக்கும். கெட்டியான புஷ் கொடுக்காது. ஆக்சில் இறுகிக்கொள்ளும், பிராக்கெட்டின் வெல்டிங்தான் அந்தப் பாரத்தை வாங்கும். முன் விஷ்போனில் அந்தப் பிரச்சினை இல்லை. ஒரே அச்சில் கதவுக் கீல் போல ஆடுவதுதான் அதன் வேலை, அங்கே கெட்டியாக இருப்பது நல்லதே.

பாலி புஷ் வேலை செய்யும் விதமே வேறு. அது எதோடும் ஒட்டியிருக்காது. இரண்டு பாதியாக, தொப்பி போல விளிம்போடு வரும். ஆர்மின் கண்ணில் இரண்டு பக்கமிருந்தும் அழுத்தி, நடுவில் இரும்பு ஸ்லீவை நுழைக்க வேண்டும். போல்ட்டு ஸ்லீவைப் பிராக்கெட்டோடு இறுக்கும், ஸ்லீவின் மேல் பாலி சுற்றும். அதனால்தான் அதற்கு கிரீஸ் வேண்டும், கூடவே கொடுக்கும் சிலிக்கோன் கிரீஸ். அதனால்தான் தொங்கவிட்டு முறுக்கினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

ஆனால் சுற்ற வேண்டுமென்றால் ஸ்லீவ் பாலியை விட ஒரு மயிரிழையாவது நீளமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பிராக்கெட்டின் காதுகள் ஸ்லீவைத் தொடுவதற்கு முன் பாலியின் விளிம்பை நசுக்கிவிடும். எனக்கு வந்த செட்டில் ஸ்லீவ் 44.8 மி.மீ. இரண்டு பாதியையும் கண்ணில் முழுசாக அழுத்தி விளிம்புக்கு விளிம்பு அளந்தால் 45.4. ஒன்றை அப்படியே மாட்டிப் பார்த்தேன். போல்ட்டை முறுக்கியதும் விஷ்போன் வைத்த இடத்தில் அப்படியே நின்றது, கையால் தள்ளினாலும் இறங்கவில்லை. சஸ்பென்ஷனே இல்லாத வண்டிக்குச் சமம். விற்றவரிடம் கேட்டேன். ஓட ஓட சரியாகிவிடும் என்றார்.

ஒரு கண்ணாடித் துண்டின் மேல் 80 நம்பர் உப்புத்தாளை ஒட்டி, தண்ணீர் தெளித்து, ஒவ்வொரு பாதியின் விளிம்பையும் எட்டு வடிவத்தில் தேய்த்தேன். பாலி தேயாது, முதலில் பளபளக்கும். அப்புறம் திடீரென்று மாவு மாதிரி விடும். எட்டுச் சுற்று, கால் திருப்பு, மறுபடி எட்டுச் சுற்று. திருப்பாவிட்டால் ஒருபக்கம் சாய்ந்துவிடும். வெர்னியர். இன்னும் 0.2. மறுபடி எட்டு. ஒரு பாதிக்கு 0.45 மி.மீ. எடுத்தால் மொத்தம் 44.5-க்கு வரும், ஸ்லீவ் 0.3 மி.மீ. வெளியே நிற்கும். பதினாறு பாதிகள். இரண்டு மாலைகள். விரல் நுனிகளில் ரேகை மங்கி, போன் என் விரலை அடையாளம் காண மறுத்தது. ஆனால் அதன் பிறகு விஷ்போனை மாட்டி, போல்ட்டை முழுசாக முறுக்கி, தூக்கிப் பிடித்துக் கையை விட்டேன். தன் எடையிலேயே மெதுவாக, சீராக, நடுவில் தயங்காமல் இறங்கியது. அதை ஏழெட்டு முறை தூக்கித் தூக்கி விட்டேன். வேலை நிமித்தம் ஒருமுறை போதும்.

பின்பக்க ரப்பர் புஷ் ஏற்றுவது அதற்குப் பிறகு சுலபமாகத் தெரிந்தது. ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஓடு சற்றே சுருங்கியிருக்கும். நீள மரை ராடு, இரண்டு தடித்த வாஷர், மறுபக்கம் தாங்க ஒரு பெரிய சாக்கெட். நட்டை முறுக்க முறுக்க புஷ் உள்ளே போகும். அழுத்தம் வெளி ஓட்டின் மேல் மட்டும் விழ வேண்டும். முதல் புஷ்ஷில் வாஷர் உள்குழாயில் பட்டுவிட்டது. ரப்பர் உள்ளேயே பிய்ந்தது. புது புஷ் ஒன்று குப்பைக்குப் போயிற்று.

இனி எந்த இடத்தில் போன தடவை தவறினேனோ அந்த இடம். எல்லா போல்ட்டையும் கையால் திருகி, நட்டு தொட்டவுடன் நிறுத்தினேன். வண்டியை இறக்கி, சக்கரங்களை மரக்கட்டை அடுக்கின் மேல் நிறுத்தி, முன்னும் பின்னும் அடைப்புக் கட்டை வைத்தேன். சேஸிஸுக்கு அடியில் இரண்டு விரல் இடைவெளி விட்டு ஸ்டாண்டுகளும். கட்டை சரிந்தால் வண்டி என் மேல் விழாமல் ஸ்டாண்டின் மேல் விழட்டும். தூக்கி இறக்கியதும் டயர்கள் உள்வாங்கி இழுபட்டு நிற்கும். தரையில் பிடித்துக்கொண்டு வண்டியை நிஜமான உயரத்துக்கு இறங்க விடாது. இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு இடையில் கிரீஸ் தடவி, அவற்றை டயருக்கும் கட்டைக்கும் நடுவே வைத்து, வண்டியை நாலு முறை அமுக்கி விட்டேன். 8 மி.மீ. இறங்கியது.

600 கிலோ வண்டியில் ஓட்டுகிறவரின் எடை சின்ன விஷயமில்லை. நான் 76 கிலோ. நான்தான் அடியில் படுக்க வேண்டும். மகளைக் கூப்பிட்டேன்.

"உக்காந்தா போதுமா? ஓட்ட வேணாமா?"

"சும்மா உக்காரு. எவ்வளவு எடை இருக்க?"

"எதுக்குப்பா?"

48 என்று தெரிந்தது. மீதி 28-க்கு டூல் பெட்டி, பழைய பேட்டரி, அவள் காலடியில் ஒரு பிரேக் டிரம். உட்கார்ந்து போனை எடுத்தாள். நான் கீழே ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ஸ்பேனரில் 80 நியூட்டன் மீட்டர் வைத்தேன். பாலி போட்ட முன்பக்கத்துக்கு இந்த நாடகம் தேவையில்லை. ஆனாலும் வரிசையாகச் செய்து முடித்தேன். அவள் ஒருமுறை சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அசையாதே!"

"அப்பா, ரோட்டுல போறப்ப நீங்க அசையவே மாட்டீங்களா?"

நியாயமான கேள்வி. பதில் சொல்லாமல் அடுத்த நட்டுக்குப் போனேன்.

விஷ்போனைக் கழற்றி மாட்டினால் சக்கரத்தின் கோணங்கள் நிச்சயம் மாறியிருக்கும். இரண்டு பக்கமும் வண்டிக்கு இணையாக நூல் கட்டி, ரிம்மின் முன் விளிம்பிலிருந்தும் பின் விளிம்பிலிருந்தும் நூலுக்கு அளந்தேன். முன் சக்கரங்கள் மொத்தம் 5 மி.மீ. வெளிநோக்கித் திரும்பியிருந்தன. ஸ்டியரிங் ராடுகளை இரண்டு பக்கமும் சமமாகத் திருகி 1 மி.மீ. உள்நோக்கி வைத்தேன். கழற்றும்போது மேல் விஷ்போனின் காதுகளில் இருந்த வாஷர்களை எண்ணிப் படம் எடுத்து வைத்தது நல்லதாகப் போயிற்று. அந்த வாஷர்கள் இடம் நிரப்ப வந்தவை அல்ல. எந்தப் பக்கம் எத்தனை என்பதுதான் காஸ்டர் கோணம். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று என்பது மாறினால் ஸ்டியரிங் தானாக நேர்நிலைக்குத் திரும்பும் குணம் மாறிவிடும்.

ஓட்டிப் பார்த்தேன். முதல் பிரேக்கில் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். டொக் இல்லை. அதே வளைவு, அதே வேகம், காலை எடுத்தேன். வண்டி மெதுவானது, அவ்வளவுதான். இரண்டு வருடமாகக் கிழிந்த புஷ்களில் நகர்ந்து ஆக்சில் செய்த வேலைக்கு ஈடாகக் கை தானாக ஸ்டியரிங்கை ஒரு சிட்டிகை வெளிப்பக்கம் திருப்பிப் பழகியிருந்தது. இப்போது அந்தத் திருப்பல்தான் வண்டியைக் கோட்டை விட்டு வெளியே தள்ளியது. நாலைந்து வளைவுகள் கழித்துத்தான் கை சும்மா இருந்தது.

முன்பக்கம் கொஞ்சம் கடினமாகியிருக்கிறது. சின்னச் சின்னக் கற்கள் ஸ்டியரிங்கில் தெரிகின்றன. எனக்குப் பிடித்திருக்கிறது. மகளுக்குப் பிடிக்கவில்லை.

400 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி கட்டையில் ஏற்றி, நட்டுகளில் போட்டிருந்த வெள்ளைக் கோடுகளைப் பார்த்தேன். தூக்கவில்லை, சக்கரத்திலேயே நிற்க வைத்துத்தான். கோடுகள் எல்லாம் நேராக இருந்தன, ஒன்றைத் தவிர. பேன்ஹார்டு ராடின் சேஸிஸ் முனை. லிவரை வைத்து நெம்பினால் போல்ட்டு காதுக்குள் அசைகிறது. ஓட்டை முட்டை வடிவமாகிவிட்டது. மரையின் மேல் உட்கார்ந்திருந்த அந்த நாலு பழைய போல்ட்டுகளில் ஒன்றின் கைவரிசை. புது போல்ட்டும் புது புஷ்ஷும் அதைச் சரி செய்யாது. பிராக்கெட்டின் மேல் ஒரு தகடு வைத்து வெல்டிங் செய்தாக வேண்டும்.

அந்த பிராக்கெட்டிலிருந்து ஒரு சாண் தள்ளி பெட்ரோல் டேங்க் இருக்கிறது. அதனால் முதலில் டேங்க் இறங்க வேண்டும். டேங்க்கின் நாலு போல்ட்டுகளும் மேலிருந்து கீழாகப் போட்டவை. தலைகள் டிக்கியின் தரைத் தகட்டுக்கு அடியில் இருக்கின்றன. அந்தத் தகட்டை முதலில் கட்டியவர் ரிவெட் அடித்து மூடியிருக்கிறார். எண்ணிப் பார்த்தேன், 46 ரிவெட்.